கிளட்ச் மேல் கட்டியிருந்த கட்டை

புவனகிரி,
22.4.2012

அன்பும் மதிப்பும் மிக்க வைத்திலிங்கம் மாமாவுக்கு,

தேவநாதன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌகரியம். மஸ்கட்டில் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும், தலையில் துணி கட்டாமல் வேலைக்கு இறங்காதீர்கள். வாராவாரம் போனில் பேசுகிறவன் இப்போது ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போன வாரம் மூன்று முறை உங்கள் நம்பரைப் போட்டுவிட்டு நானே வைத்துவிட்டேன். நீங்கள் திரும்பக் கூப்பிட்டபோது கரண்ட் போவதைப் பற்றியே பேசி முடித்தேன். உங்கள் டிராக்டர் விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்துவிட்டேன், மாமா. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

முதலில் தோட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தானே புயலில் சாய்ந்த கொய்யா மரங்களையெல்லாம் அறுத்து எடுத்தாகிவிட்டது. நின்ற மரங்கள் துளிர்த்திருக்கின்றன, சில பூவும் விட்டிருக்கின்றன. சி.முட்லூரில் பல தோட்டங்கள் மொட்டையாகக் கிடக்கின்றன, நமக்குப் பாதியாவது தேறியது. காலியான இடத்தில் ஆடியில் புதுக் கன்று வைக்கலாம்.

கொட்டகைக் கூரை பறந்து, டிராக்டர் மழையில் நின்றதை அப்போதே உங்களுக்குச் சொன்னேன். "அது கெடக்குது தேவநாதா, ஒரு தார்ப்பாய் போட்டு மூடு, யாரும் கை வெக்க வேணாம்" என்றீர்கள். மூடினேன். ஆனால் கை வைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். கொய்யா வரிசைக்கு நடுவில் நுழைகிற மாதிரி அந்தப் பழைய சின்ன டிராக்டரைப் பண்ணை ஏலத்தில் எடுத்து வந்து, என் அக்கா அமிர்தத்துக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டு நீங்கள் வெளிநாடு போனீர்கள். 2006-இல் ஒருநாள் நான் வேலியோரம் நின்று, "பொம்பள இதுல ஏறி ஓட்டுனா நான் ஊருக்குள்ள எப்படி நடக்கறது? எறங்கு" என்று கத்தினேன். "உன் மானம் இந்த சீட்டுலயா இருக்குது? ஒதுங்குடா, வேல நிக்குது" என்றது அக்கா. ரோஷக்காரன் அல்லவா நான்! அதற்குப் பிறகு தோட்டத்துப் பக்கமே போகவில்லை. இரண்டு வருஷம் பொங்கல் வரிசையைக்கூட என் மனைவி கொளஞ்சியிடம் கொடுத்தனுப்பினேன். மூன்றாம் வருஷம் நானே கொண்டு போகலாம் என்று இருந்தேன். அதற்குள் காய்ச்சல் வந்து அக்கா போய்விட்டது.

அக்கா போனதிலிருந்து ஓடாமல் நின்ற அந்த வண்டியை மறுபடி ஓட வைத்துவிட்டால் என் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். நீங்கள் லீவில் வரும்போது ஸ்டார்ட் செய்து காட்டி அசத்த வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. சிதம்பரத்தில் ராபர்ட் என்று ஒரு மெக்கானிக், பழைய வண்டி என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். பிஸ்டன் இறுகிப்போய்க் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஒன்பது நாள் ஊற வைத்தான். பத்தாவது நாள் அசைந்தது. டீசல் பீய்ச்சுகிற நாசில் கடலூரில் கிடைத்தது. பிஸ்டன் ஓடுகிற லைனரை லேத்தில் கடைந்து போட்டோம். மூன்றாம் தடவை சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது, மாமா. நான் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன்.

பெயிண்ட் அடிக்கும் முன் ராபர்ட் என்னைக் கூப்பிட்டான். "அண்ணே, கிளட்ச் மேல ஒரு மரக்கட்டைய டியூப் போட்டுக் கட்டியிருக்குது. கம்பெனி சாமான் இல்ல. என்ன பண்ணட்டும்?" என்றான். "எடுத்துக் கடாசுப்பா, எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்" என்றேன். ஸ்டியரிங்கில் நீலத் துணி சுற்றியிருந்தது. அதை நானே பிளேடால் அறுத்தேன். அந்தத் துணியில்தான் கிரீஸ் துடைத்தோம். கட்டையைக் குப்பையோடு எரித்துவிட்டார்கள்.

போன சனிக்கிழமை அருள்மொழி கடலூர் ஹாஸ்டலிலிருந்து வந்தாள். உங்கள் மகளிடம் முதலில் காட்டிவிடலாம் என்று தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புதுச் சிவப்பில் பளபளவென்று நின்றது. அவள் ஒரு சுற்று சுற்றி வந்தாள். சீட்டில் ஏறி உட்கார்ந்து இடது காலை நீட்டினாள். கிளட்ச் எட்டவில்லை. "அம்மா கட்ட எங்க?" என்று கேட்டாள்.

அப்போது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அக்காவுக்குக் கால் எட்டாது என்று நீங்கள் லீவில் செதுக்கிக் கட்டியதாம். ஸ்டியரிங் துணி அக்காவின் புடவைக் கிழிசலாம். ஒவ்வொரு லீவுக்கும் அருள்மொழி அந்தச் சீட்டில் ஏறி, கட்டையில் கால் வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாளாம். அக்கா ஓட்டியதை நான் ஒருநாளாவது பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் அந்தக் கட்டை என்னவென்று எனக்குத் தெரிந்திருக்கும். வெட்கம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவனுக்கு என்ன தெரியும்?

கொளஞ்சி சோறு போட்டு வைத்திருந்தாள். அருள்மொழி சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸில் கடலூர் போய்விட்டாள். என் போனை எடுப்பதில்லை. கொளஞ்சியிடம் மட்டும் நன்றாக இருப்பதாகச் சொல்கிறாள். அவளை நான் குறை சொல்லவே மாட்டேன்.

அதே மாதிரி ஒரு கட்டை செய்து தருகிறேன் என்றான் ராபர்ட். எவ்வளவு உயரம் என்று கேட்டான். கூடப் பிறந்தவன் நான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஆனியில் வருவதாகச் சொன்னீர்கள். இதைப் படித்துவிட்டுக் கோபத்தில் பயணத்தைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். நாலு பேர் முன்னால் என்னை என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், தலைகுனிந்து நிற்கிறேன். ஆனால் வந்துவிடுங்கள், மாமா. வந்து, அருள்மொழியைச் சீட்டில் உட்கார வைத்து, அவள் காலுக்கு அளவெடுத்து, உங்கள் கையால் ஒரு கட்டை கட்டிக் கொடுங்கள். தோட்டத்தை அவள் உழட்டும். எங்கள் குலசாமி அவளுக்குத் துணையிருக்கட்டும். நான் பக்கத்திலேயே நின்று பார்க்கிறேன். இந்த முறை இறங்கு என்று சொல்ல மாட்டேன்.

உங்கள் மைத்துனன்,
தேவநாதன்