கார்டீன் வளைவில் நடக்கும் ஒருவர்

அனுப்புநர்
சைமி மாகன்,
நான்காம் மனை, டிராவலர் குடியிருப்பு,
கார்டீன் சாலை, பாலினரோ.

பெறுநர்
சாலைப் பிரிவு இயக்குநர் அவர்கள்,
மாவட்ட மன்ற அலுவலகம், பாலினரோ.

பொருள்: கார்டீன் வளைவில் நடைபாதை வேண்டுவது, சாலை வரைபடத்தில் பிழை எனக் குறிக்கப்பட்ட நடைத்தடத்தை நீக்காதிருக்கக் கோருவது தொடர்பாக.

பார்வை: பாலினரோ நூலகத்தில் வைக்கப்பட்டுள்ள சாலைப் பாதுகாப்பு வரைவு வரைபடம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் வசிக்கிறேன். வயது எழுபத்தாறு. சென்ற ஆண்டு வரை எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறிதான் போடுவேன். இப்போது புதன்கிழமைதோறும் நூலகத்தில் நடக்கும் முதியோர் எழுத்து வகுப்புக்குப் போகிறேன். இந்த மனுவின் ஒவ்வொரு எழுத்தும் என் கையால் எழுதியது. மெதுவாகத்தான் வருகிறது, ஆனாலும் எழுத எழுத மகிழ்ச்சியாக இருக்கிறது. புகார் மனுவில் மகிழ்ச்சி என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை.

2. வகுப்பு முடிந்ததும் சுவரில் இருப்பதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன். அப்படித்தான் தங்கள் வரைபடத்தைப் பார்த்தேன். வண்டிகளிலும் சனங்களின் கைபேசிகளிலும் இருந்து வந்த இடக்குறிப்புகளைப் பெயர் இல்லாமல் சேர்த்து, எந்தச் சாலையில் எத்தனை பேர் போகிறார்கள், எங்கே திடீரென பிரேக் அடிக்கிறார்கள், எங்கே தார் பெயர்ந்திருக்கிறது என்று வண்ணம் தீட்டியிருந்தார்கள். மிக அழகான வேலை. எங்கள் சாலையைத் தேடிக் கண்டுபிடித்தேன். அதன் ஓரத்தில் அச்சிட்டிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன்: "நடப்போர் இல்லை. பதிவான ஒரே தடம் கருவிப் பிழை, இறுதி வரைபடத்தில் நீக்கப்படும். நடைபாதை தேவையில்லை. வேக வரம்பை எண்பதாக உயர்த்தலாம்."

முதல் தடவை படித்தபோது, யார் துணையும் இல்லாமல் படித்துவிட்டேன் என்ற பெருமைதான் இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோதுதான் பொருள் புரிந்தது.

3. ஐயா, அந்தச் சாலையில் நாங்கள் நடக்கிறோம். எங்கள் குடியிருப்பிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு வேறு வழி கிடையாது. என் மகள் ப்ரிஜியின் பெண் டெலியா பள்ளிக்கூட நாள்களில் காலையும் மாலையும் வளைவுள்ள அந்தச் சாலையில் நடக்கிறாள். இருபுறமும் புதர்வேலி. வண்டி வந்தால் ஒதுங்கக் கால் வைக்கும் அளவுக்குக்கூட மண் இல்லை. இரண்டு குளிர்காலத்துக்கு முன், மூடுபனியான ஒரு காலையில், டெலியாவைப் பேருந்தில் ஏற்றிவிடப் போன என் மனைவி வின்னியை அந்த வளைவில் ஒரு வேன் அடித்தது. பிள்ளை சற்று முன்னால் போனதால் தப்பினாள். வேன் ஓட்டியவர் மீது எனக்குக் குறை இல்லை. அவர் கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

4. அப்படியிருக்க நாங்கள் ஏன் வரைபடத்தில் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காரணம் நாங்களேதான். வண்டிவீடுகளில் ஊர் ஊராகப் போய் வாழ்ந்து வந்த எங்கள் டிராவலர் சனங்களில் ஒருவர் உயிர்விட்ட இடத்தை உறவுக்காரர்கள் மிதிப்பதில்லை. மற்ற தூரமெல்லாம் சாலையில்தான் நடை; வளைவு வருவதற்கு முன்பே சாலையோரத்து விவசாயி டோலனின் வயலுக்குள் இறங்கி, சுற்றிப் போய், வேலியின் இடைவெளி வழியாக மறுபடி சாலைக்கு ஏறுவோம். அந்த நேரத்தில் தொப்பியைக் கழற்றிக்கொள்வோம், பேச மாட்டோம். இப்போது அநேகமாக எல்லார் கையிலும் கைபேசி இருப்பதால், அது அலறி மரியாதையைக் கெடுக்கக் கூடாதென்று குடியிருப்பின் கேட்டிலேயே அணைத்துவிட்டு, நிறுத்தத்துக்குப் போன பிறகுதான் திறக்கிறோம். ஒருவரும் இதைச் சட்டமாகச் சொல்லவில்லை. தானாக வந்த பழக்கம்.

வரைபடத்தைப் பற்றி வீட்டில் சொன்னபோது ப்ரிஜி வெகுநேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, "விளக்கை அணைச்சிட்டு உள்ள உக்காந்துக்கிட்டு, யாருமே வந்து பாக்கலன்னு அழுத கதைதாம்ப்பா நம்ம கதை" என்றாள்.

5. மறு வாரம் விளக்கம் சொல்ல நூலகத்துக்கு வந்த தங்கள் பொறியாளர் செல்வி க்ரானியா டெவனியைச் சந்தித்தேன். மரியாதையான பெண். பொறுமையாகக் கணினியைத் திறந்து காட்டினார். நிறுத்தத்தில் சில புள்ளிகள் வானத்திலிருந்து விழுந்தவைபோலத் திடீரெனத் தோன்றுவதால், அவர்கள் காரில் வந்து இறங்குகிறார்கள் என்று கணக்கில் எடுத்துக்கொண்டதாகச் சொன்னார். எங்கள் வழக்கத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். பிழை என்று எழுதிய தடம் எது என்று கேட்டேன். பெரிதாக்கிக் காட்டினார்.

அது மெல்லிய நீலக் கோடு. குடியிருப்பிலிருந்து கிளம்புகிறது. வளைவு வருவதற்கு முன்பே வயலில் இறங்கிச் சுற்றுகிறது. வேலியின் இடைவெளியில் ஏறி நிறுத்தத்துக்குப் போகிறது. பேருந்து கிளம்பும்வரை அங்கே நிற்கிறது. பிறகு தனியாகத் திரும்புகிறது. மாலையிலும் அப்படியே. நேரான சாலை இருக்கும்போது ஈர வயலில் யாரும் சுற்றிப் போக மாட்டார்கள், அதனால்தான் பிழை என்று முடிவு செய்தோம் என்றார் டெவனி. இது எந்தெந்த நாளில் வருகிறது என்று கேட்டேன். தேடிப் பார்த்து, பள்ளி நாள்களில் மட்டும் என்றார். பள்ளி விடுமுறைகளில் அந்தக் கோடு இல்லை.

6. அது கிளம்பும் இடம் எந்த வீடு என்று கேட்டேன். வீடு எதுவும் இல்லை, காலி மனை என்றார். ஐயா, எங்கள் குடியிருப்பில் காலி மனை ஒன்றுதான். அதில் கரிபிடித்த சிமெண்டுத் தளம் மட்டும் கிடக்கிறது. வின்னியின் வண்டிவீட்டை நாங்கள் எரித்த இடம் அது. இறந்தவரின் உடைமையை வைத்துக்கொள்வது எங்களிடம் கிடையாது. அவள் பீங்கான் தட்டுகள், திரைச்சீலை, கைபேசி எல்லாம் உள்ளே இருந்தன. கைபேசியை மேசைமேல் வைத்தது நான். அது உருகி வழிந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இதைச் சொன்னதும் டெவனி, "ஐயா, எரிஞ்ச போன் எங்கயும் கோடு போடாது. உங்க வீட்ல யாரோ அணைக்க மறந்திருக்காங்க" என்றார்.

"எங்க வீட்ல மறக்கிற ஆளு நான் ஒருத்தன்தாம்மா. எங்கிட்ட போனே கிடையாது" என்றேன். இருவரும் சிரித்தோம். அதன் பிறகு அவர் அந்தக் கோட்டைத் திரையில் வைத்துக்கொண்டு பேசவில்லை, மூடிவிட்டார்.

7. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே குடியிருப்பில் எல்லாரையும் கேட்டேன். அணைக்காமல் போனதாக யாரும் சொல்லவில்லை. கடைசியாக டெலியாவிடம், போகும்போது உன்கூட யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"யாரும் இல்ல தாத்தா. ஆனா வேகமா நடந்தா பின்னால மூச்சு வாங்குது. அதான் மெதுவா போறேன்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி தடவ ஆரம்பித்தாள்.

வின்னிக்கு நெஞ்சுச் சளி உண்டு. இதை டெலியாவிடம் நான் நினைவுபடுத்தவில்லை, தங்களுக்கு மட்டும் தெரிவிக்கிறேன்.

8. அந்தக் கோடு யாருடையது என்று தாங்கள் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கோரிக்கை அல்ல. வரைபடத்தில் பெயர் கிடையாது என்பதால் பெயரைப் பற்றி யாருக்கும் சங்கடம் வேண்டாம். இனி கைபேசியை அணைப்பதில்லை என்று குடியிருப்பில் பேசி முடித்துவிட்டோம். அலறாதபடி வைத்து எடுத்துப் போகிறோம். ஆனால் இந்த வரைபடத்துக்கான பதிவு சென்ற வசந்தத்தோடு முடிந்துவிட்டதென்றும், அடுத்த பதிவுக்குப் பல ஆண்டுகள் ஆகும் என்றும் டெவனி சொல்கிறார். ஆகவே இன்றைய கணக்கில் கார்டீன் வளைவில் நடந்தவர் என்று ஒருவர்தான் இருக்கிறார். அவரையும் அழித்துவிட்டால், எண்பதில் வரும் வண்டிகளுக்கு முன்னால் டெலியா நடப்பாள், சாலையில் யாரும் இல்லை என்று தாளில் இருக்கும்.

எனவே, ஆட்சேபணைக்கான கெடு இம்மாதத்தோடு முடிவதற்குள்,

அந்த நடைத்தடத்தை நீக்காமல் இறுதி வரைபடத்தில் வைக்கும்படியும்,

வேக வரம்பை உயர்த்தாதிருக்கும்படியும்,

நடைபாதையைச் சாலையை ஒட்டிப் போடாமல், வளைவு வரும் இடத்தில் அந்தக் கோடு போகிற போக்கிலேயே வயல் வழியாகச் சுற்றி அமைத்துத் தரும்படியும் வேண்டுகிறேன். அதற்கு வேண்டிய நிலத்தை விட்டுத்தர டோலன் வாய்ச்சொல்லாகச் சம்மதித்திருக்கிறார். எழுத்தில் வாங்கித் தர வேண்டுமென்றால் அதையும் நானே எழுதி வருவேன்.

பாதை வந்து, பிள்ளைகள் பயமில்லாமல் போய்வரத் தொடங்கிய பிறகு, அடுத்த வரைபடத்தில் அந்த நீலக் கோடு இல்லாமல் போகலாம். அது எங்கே என்று கேட்டு நான் மனு எழுத மாட்டேன்.

இடம்: பாலினரோ
நாள்: 14 நவம்பர் 2022

தங்கள் பதிலை நானே படிக்கக் காத்திருக்கும்,

சைமி மாகன்
(கையொப்பம்)