உன் தம்பி கொண்டுவந்த சீர்

குடிசையைப் பிரித்துப் போட்டு ஒரு வாரம் ஆகிறது. பின்வாசலில் பச்சைத் தென்னோலை வாசம் இன்னும் போகவில்லை. நம் மகள் பெரியவளாகிவிட்டாள். உன் தம்பி கிள்ளையிலிருந்து வந்து தன் கையாலேயே ஓலை பின்னி அவளுக்குக் குடிசை கட்டினான். சீர்த்தட்டோடு அவன் தெருவில் வந்தபோது எதிர்வீட்டு அம்மா, "நீங்க யாருப்பா?" என்று கேட்டாள். "தாய்மாமன். எங்க அக்கா பொண்ணுக்குச் சீர் கொண்டாறேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். எனக்குக் கண் கலங்கியிருக்க வேண்டும். ஆனால் இவனுக்கு நம்மிடம் என்ன வேணும் என்றுதான் தோன்றியது. என் புத்தி உனக்குத் தெரியாதா?

அவளைப் பெற்றவள் நான். அவள் அப்பாவை அலை கொண்டுபோன பிறகு, நாலு வயதுப் பிள்ளையோடு தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரத்துக்கு, உன் வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் இருந்துவிட்டுப் போவதாகத்தான் பேச்சு. ஊருக்கு நாம் சிநேகிதிகள். கதவைச் சாத்திவிட்டால் புருஷன் பெண்டாட்டிதான். அவளுக்கு நான் அம்மா, நீ பெரியம்மா.

வீடு உன் சம்பாத்தியம். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா வூடு புள்ளைக்குப் போவணும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உயில் எழுதினாய். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் வேண்டும். நீ சொன்ன ஆளையெல்லாம் நான் தட்டிக் கழித்தேன். உன் ஆபீஸ் டைப்பிஸ்டா? அவள் வாய் சும்மா இருக்காது. மருந்துக்கடைக்காரரா? யாரோ பெற்ற பிள்ளைக்கு எதற்கு வீடு என்று நோண்டுவார். தம்பியைக் கேட்கலாமா என்றாய். அதற்குச் சண்டையே போட்டேன். "ஊரையே சந்தேகப்பட்டா நாம எங்கடி போயி இருக்கறது?" என்று சிரித்தாய். அந்த மழைக்காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டாய். சாட்சி இல்லாத உயில் செல்லாது என்று வக்கீல் சொன்னார். பாவி, நான்தான் அதைச் செல்லாமல் ஆக்கினேன்.

சீர் முடிந்த மூன்றாம் நாள் உன் தம்பி மெதுவாக ஆரம்பித்தான். "அக்கா, சட்டப்படி வாரிசு நான் ஒருத்தன்தான். வூட்டுப் பத்திரத்தக் குடுங்க. எம் பேருக்கு மாத்திட்டு, அப்புறம் புள்ளைக்கு எழுதிக் குடுத்துடறேன்."

இதற்குத்தான் சீரா? "தெருவுல அக்கா பொண்ணுன்னு சொன்னியே தம்பி, அத தாலுக்கா ஆபீசுல சொல்லேன்" என்றேன்.

"அங்க சொன்னா ஒத்துக்க மாட்டாங்கக்கா. உயில் எழுதறப்பவே எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சாட்சி போட்டிருப்பேன். உங்க ரெண்டு பேரப் பத்தி எனக்குத் தெரியாதா?"

வெட்கமாகப் போய்விட்டது. பத்திரத்தைக் கொடுத்தேன். முதலில் முன்னும் பின்னும் செராக்ஸ் எடுத்துக்கொண்டுதான்.

தை பிறந்ததும் எழுதிக் கொடுப்பதாகச் சொல்கிறான். நிஜமா, சாக்கா? தெரியவில்லை. அதுவரை அவன் மனசு மாறக்கூடாது. அவனுக்கு ஒன்றும் ஆகிவிடவும் கூடாது. ஆகிவிட்டால் வீடு அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்குப் போய்விடும். நம் மகளுக்கென்று சட்டத்தில் ஒரு வரி கிடையாது, இவன் ஒருத்தன்தான் இருக்கிறான்.

நேற்று போனில் பேசும்போது இருமினான். "டாக்டரப் பாரு தம்பி, இன்னிக்கே பாரு" என்று கெஞ்சினேன். "சும்மா சளிதான்க்கா" என்றான். நீ காய்ச்சலில் கிடந்தபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.