ஏழு பெட்டியும் ஒரு துண்டுச் சீட்டும்

தெமோதரை
2003 பெப்ரவரி 8

அன்புள்ள மருமகள் நிரஞ்சலாவுக்கு,

உன் தாய்மாமன் நல்லையா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மழையும் சுகம். நீ சுகமாயிருந்தால் ஒரு வரி எழுது, சுகமில்லாவிட்டால் இரண்டு வரி எழுது. தீபாவளிக்கு வந்து பதுளையில் சிநேகிதி வீட்டில் தங்கிவிட்டுப் போனாயாமே. பரவாயில்லை. என் வீட்டுக் கூரை ஒழுகும், உன் படிப்புக்கு அது ஆகாது.

உன் கம்பனி வேண்டாமென்று ஒதுக்கிய ஏழு கம்ப்யூட்டரும் ரயிலில் வந்து சேர்ந்தன. ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்து நின்று கையெழுத்து வாங்கினார். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில் ஏற்றித் தோட்டப் பாடசாலைக்குக் கொண்டு போனேன். வழி நெடுக சனம். இரண்டாயிரம் பேர் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் ஆயிரத்து எண்ணூறு என்று வைத்துக்கொள்.

ஏப்ரல் இரண்டாம் திகதி திறப்பு விழா. கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி வருகிறார். ஏழும் ஓடினால் பாடசாலைக்கு ஒரு கம்ப்யூட்டர் டீச்சர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓடாவிட்டால் பெட்டிகளை ஸ்டோரில் போட்டுவிட்டு டீச்சரை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார். அதிபர் சிவஞானம் இந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்.

சின்ன விஷயம் ஒன்று. ஏழும் பென்டியம் ஃபோர் என்று அதிபரிடமும் அதிகாரியிடமும் தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரையிடமும் சொல்லிவிட்டேன். நீ அனுப்பிய சீடியைப் போட்டால் முதல் வரியிலேயே 486 என்றும், ஏழில் ஒன்றான ஆப்பிள் பெட்டியில் வேறு என்னமோ நம்பரும் வருகிறது. மானம் போகிறது. அந்த ஒரு வரியை மாற்றி அனுப்பு. உனக்கு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகாது.

உன் மாமா,
மு. நல்லையா


வெள்ளவத்தை
16.02.2003

மாமாவுக்கு,

மாற்ற மாட்டேன். போனில் பேசினால் நீங்கள் என்னைப் பேச விடமாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

அந்தச் சீடியில் நான் எழுதி அனுப்பியது ஒரு கெர்னல். கெர்னல் என்பது பெட்டியில் முதலில் எழுந்து மற்றவற்றுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற புரோகிராம். எழுந்ததும் அது புரொசஸரிடம், நீ யார், உனக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்கும். பென்டியத்திடம் கேட்டால் தன் பேரைப் பன்னிரண்டு எழுத்தில் சொல்லும். ஆப்பிள் பெட்டியில் இருப்பது பேர் சொல்லாது, ஓர் எண்ணை மட்டும் காட்டும். அந்த எண் யாருடையது என்று நான் பட்டியலில் தேட வேண்டும். உங்களிடம் இருக்கிற இரண்டு பழைய 486-க்கு அந்தக் கேள்வியே தெரியாது. கேட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதனால் அதற்குள் இருக்கிற ஒரு சின்ன அடையாளத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். திரும்பினால் கேட்கலாம். திரும்பாவிட்டால் கேட்காமலே பழையது என்று எழுதிக்கொண்டு லேசான வேலை மட்டும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வகையிடமும் அதனதன் பாஷையில் கேட்டு, பதிலை மட்டும் ஒரே மாதிரி வரவைக்க எனக்கு நாலு மாதம் ஆனது.

அந்தப் பதில் அலங்காரத்துக்கு இல்லை. அதை நம்பித்தான் மற்ற எல்லா வேலையும் பிரிக்கப்படுகிறது. தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிவிட்டால், அந்த வேலை வரும்போது பெட்டி விழும்.

486 என்றால் 486 என்று சொல்லுங்கள். பிள்ளைகள் படிக்க அது போதும்.

நிரஞ்சலா


தெமோதரை
2003 மார்ச் 1

அன்புள்ள மருமகளுக்கு,

பார்த்தாயா, நான் 'அன்புள்ள' போட்டுவிட்டேன். நீ 'மாமாவுக்கு' என்று போட்டிருந்தாய். தண்ணி வரி கட்டச் சொல்லி வருகிற கடிதத்தில்கூட ஐயா என்று இருக்கும்.

நீ நாலு மாதம் செய்ததை நான் நாலு நிமிஷத்தில் விளங்கிக்கொண்டேன். இது பெரட்டு. விடியக்காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டு, நீ இந்த மலைக்குப் போ, நீ அந்த மலைக்குப் போ என்று பிரித்துவிடுகிறதுதானே. நானூறு பேருக்குப் பெரட்டு எடுத்தவன் நான். (கணக்கப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த பதினொரு நாள். அதனால் என்ன, பெரட்டு பெரட்டுதான்.) வராதவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் "இருக்கேங்க" என்று குரல் கொடுப்பான். அதனால் எந்த மலையும் சரிந்து விழவில்லை.

பதுளை பஜாரில் டெலிபோன், கம்ப்யூட்டர் எல்லாம் பார்க்கிற கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிற ஸரூக் உன் சீடியைத் திறந்து பார்த்தான். "அங்கிள், கேக்குற எடத்த எடுத்துட்டு, எல்லாமே இருக்குன்னு போட்டுட்டா முடிஞ்சிச்சு. பேரும் நீங்க சொல்ற பேரே வரும்," என்றான். இத்தனைக்கும் அவன் கெம்பஸ் வாசலை மிதித்ததில்லை. உன்னை டவுன் பாடசாலையில் சேர்க்க நான் அதிபர் வாசலில் ஆறு நாள் நின்றதற்குப் பதில் ஸரூக்கைச் சேர்த்திருக்கலாம்.

உன் உதவி இனித் தேவையில்லை. விழாவுக்கும் வந்து நிற்க வேண்டாம். உனக்கென்று நாற்காலி போடவில்லை.

மு. நல்லையா


தெமோதரை
2003 ஏப்ரல் 5

அன்புள்ள மருமகள் நிரஞ்சலாவுக்கு,

விழா நடந்தது. இப்படியொரு விழாவை ஊவா மாகாணம் கண்டதில்லை. மேளம், பூரண கும்பம், பெரிய தொரை, தொரைசாணி, அதிகாரி. ஏழு பெட்டியும் ஒரே வரிசையாக பென்டியம் ஃபோர், பென்டியம் ஃபோர் என்று எழுதிக்கொண்டு எழுந்தன. ஆப்பிள் பெட்டியிலும் அதே எழுத்து. கைதட்டல் பெரகல சந்தி வரைக்கும் கேட்டதாம்.

பிறகு அதிகாரி, "படம் கீறுற புரோகிராமப் போடுங்க பாப்பம்," என்றார். ஏழு பிள்ளைகள் ஒன்றாக அமுக்கினார்கள். ஏழு பெட்டியும் ஒன்றாக நின்றன. அப்படியோர் ஒற்றுமையை நான் எந்தத் தொழிற்சங்கத்திலும் பார்த்ததில்லை. நிறுத்திப் போட்டோம், மறுபடி நின்றன. ஸரூக் கழிவறைக்குப் போகிறேன் என்று போனவன் பதுளைக்கே போய்விட்டான். அதிகாரி என் முகத்தைப் பார்த்து, "பென்டியம் ஃபோராங்க?" என்று மட்டும் கேட்டார்.

முதலில் இருந்த மாதிரி ஆக்கலாம் என்றால் நீ அனுப்பிய சீடி இரண்டும் இல்லை. வேலை முடிந்ததே என்று இரண்டையும் பீன்ஸ் பந்தலில் குருவி விரட்டக் கட்டினேன். நன்றாகத்தான் விரட்டியது. வெயிலிலும் மழையிலும் தோல் உரிந்து போயிருக்கிறது.

மே எட்டாம் திகதி திரும்ப வந்து பார்ப்பதாக அதிகாரி சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் ஓடாவிட்டால் டீச்சர் கொஸ்லந்தத் தோட்டத்துக்குப் போய்விடுவார். அதிபர் சிவஞானம் என்னோடு பேசுவதில்லை. சீடியை உடனே அனுப்பு. தவறு ஸரூக்குடையது, சமாதானம் நான் பேசுகிறேன்.

உன் மாமா,
நல்லையா


வெள்ளவத்தை
12.04.2003

மாமாவுக்கு,

சீடி என் மேசையில் இருக்கிறது. ஒரு நிபந்தனை.

எண்பத்தெட்டாம் ஆண்டு ஆனி மாதம் ஏழாம் நம்பர் மலையில் அம்மா விழுந்தார். பதினைந்து வருஷமாக நீங்கள் ஊர் முழுக்கச் சொல்லி வருகிற கதை எனக்கு மனப்பாடம். "அக்கா யார் சொல்லியும் கேட்கவில்லை, நான்தான் போவேன் என்று அவளே ஏறினாள்." திதிக்குத் திதி அதில் ஒரு வரி கூடும். போன முறை சிறுத்தை ஒன்றும் வந்தது.

அன்றைக்கு ராத்திரி உங்கள் சட்டையைத் துவைக்கப் போட்டவள் நான். எனக்குப் பதினொரு வயது. பையில் தோட்டத்து டிஸ்பென்சரித் துண்டு இருந்தது. பாக்கியலெட்சுமி, நெஞ்சு பலவீனம், லேசு வேலை மட்டும். அந்தத் துண்டு பெரட்டில் வேலை பிரிக்கிற கங்காணியிடம் போயிருக்க வேண்டும். உங்கள் பையில் ஏன் இருந்தது?

நான் யாரிடமும் கேட்கவில்லை. உங்களிடமும் கேட்கவில்லை, ஏனென்றால் நீங்கள் பதில் சொல்வீர்கள், நன்றாகவும் சொல்வீர்கள்.

இப்போது கேட்கிறேன். நடந்ததை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். வந்தால் சீடி வரும். சிறுத்தை வந்தால் சீடி வராது.

நிரஞ்சலா


தெமோதரை
2003 ஏப்ரல் 20

நிரஞ்சலாவுக்கு,

பிள்ளைகளின் படிப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மாமனை மிரட்டுகிறாய். இதுதான் கெம்பஸில் சொல்லிக் கொடுத்ததா? தாயில்லாப் பிள்ளை என்று தூக்கி வளர்த்தவன் நான். அதைப் படித்துவிட்டுப் பிறகு கீழே உள்ளதைப் படி.

அன்றைக்குப் பெரட்டில் எண்பது பேர். (முதலில் நானூறு என்று எழுதி வெட்டியிருக்கிறேன்.) அக்கா துண்டை என் கையில் கொடுத்து, "தம்பி, கங்காணிக்கிட்ட குடுத்துரு, எனக்குக் கேக்கக் கூச்சமா இருக்கு," என்றது. நான் கொண்டு போனேன். அப்போது அவர் பக்கத்தில் நின்ற மேல் பிரிவுக் கங்காணி என்னைப் பார்த்து, "என்னா நல்லையா, ஒங்க வீட்டுப் பொம்பளைக்கெல்லாம் துண்டுலதான் சோறா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

(இங்கே மூன்று வரி வெட்டியிருக்கிறேன். அவனை அடித்ததாக எழுதியிருந்தேன். அடிக்கவில்லை.)

துண்டைப் பையில் போட்டேன். "எங்க அக்காவுக்கு ஒன்னுமில்ல. ஏழாம் நம்பர் மலைக்கே அனுப்புங்க, மத்தியானத்துக்குள்ள ரெண்டு கூடை நெறைக்கும்," என்றேன். எங்கள் கங்காணி அக்காவைப் பார்த்தார். "ஏலுமா பாக்கியம்?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அக்கா, "ஆமாங்க," என்றது. கூடையை மாட்டிக்கொண்டு போய்விட்டது.

பத்து மணிக்கு விழுந்தது. நான் மலைக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை. கடைசியாக என்னிடம் உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதாக உனக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படி எதுவும் சொல்லவில்லை. சொல்ல அக்கா இல்லை.

இதில் கூட்டியது எதுவும் இல்லை. கூட்டிப் பார்த்தேன், கூட வரவில்லை.

நல்லையா


வெள்ளவத்தை
26.04.2003

மாமாவுக்கு,

சீடி இரண்டு இத்துடன். எது எந்தப் பெட்டிக்கு என்று மேலே எழுதியிருக்கிறேன். ஸரூக் தொட வேண்டாம். பந்தலில் கட்ட வேண்டாம்.

வாசித்தேன். மன்னிக்கச் சொல்லி நீங்கள் எழுதவில்லை, அதனால் அதற்குப் பதில் எழுத வேண்டிய வேலை எனக்கும் இல்லை.

இந்த வருஷம் அம்மாவின் திதிக்கு வருவேன். கோயிலுக்கு மட்டும். உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன். அங்கே யாராவது கேட்டால், இந்தக் கடிதத்தில் எழுதியதைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

நிரஞ்சலா


தெமோதரை
2003 மே 11

அன்புள்ள நிரஞ்சலாவுக்கு,

அதிகாரி எட்டாம் திகதி வந்தார். பெரிய தொரை வரவில்லை. மேளம் இல்லை.

ஏழில் ஆறு ஓடியது. ஒரு பழைய 486 எழும்பவே இல்லை, விழாவன்று நாலு முறை நிறுத்திப் போட்டதில் போயிருக்கும். ஏழு என்று எழுதத்தான் பேனா போனது. ஆறு.

ஒவ்வொன்றும் தன் பேரைத் தானே எழுதியது. அதிகாரி குனிந்து வாசித்துவிட்டு, "இதுல ஒன்னுமே பென்டியம் ஃபோர் இல்லையே," என்றார். "இல்லைங்க. நான் சொன்னது பொய்ங்க," என்றேன். அவர் சிரித்தார். சிவஞானம் சிரிக்கவில்லை. படம் கீறுகிற புரோகிராம் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. ஒரு பிள்ளை மலை கீறியது. ஆறே போதும் என்று அதிகாரி சொல்லிவிட்டார், டீச்சர் அடுத்த மாதம் வருகிறார்.

மேல் பிரிவுக் கங்காணி இப்போது பென்ஷனில் இருக்கிறான், காது கேட்காது. துண்டை நான் பையில் போட்டதை அவனிடம் போய்ச் சொன்னேன். இரண்டு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. லயத்து வீடுகளில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. இனி நீ யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

திதியன்று நான் கோயிலுக்கு விடிய முன்னமே போய்விட்டு வந்துவிடுவேன். பத்து மணி ரயிலில் நீ வந்தால் வழியில் என்னைப் பார்க்க வேண்டியிராது. ஆனி மாதம் காற்று மோசம். ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு குடை வைக்கிறேன். அவர் எனக்காக எழுந்து நிற்கிறவர் இல்லை, பேர் சொன்னால் தருவார்.

நல்லையா