தெளிவாகக் கேட்டது

12 நவம்பர் 2008, புதன்

சாயங்காலம் லினக்ஸ் போனில் அழைப்பைக் கையாளும் மோடத்துக்குப் புது ஃபர்ம்வேர், அதாவது அதை இயக்கும் உள்மென்பொருள், ஏற்றினேன். இத்தனை மாதம் ஊமையாகக் கிடந்த சனியனில் ஒருவழியாகப் பேச முடிந்தது. ஓசூரில் எப்போதும் கர்நாடகா டவருக்கு ஓடும் சிக்னல்கூட இன்று ஒழுங்காக நின்றது.

முதல் அழைப்பே சாமல்பட்டிக்குத்தான். "அந்தப் பேசாத போனையே கட்டிக்கிட்டு அழு" என்று கோபித்துக்கொண்டு அங்கே அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள் என் மனைவி செல்வி. அவள் தம்பி எடுத்தான்.

"போன் ரெடியாயிடுச்சுடா. அக்காகிட்ட குடு."

"இருங்க மாமா."

கையால் பொத்தினான் போல. பொத்தியும் செல்வியின் குரல் கேட்டது. "தூங்கிட்டேன்னு சொல்லு."

"அக்கா தூங்கிடுச்சு மாமா."

அப்போது மணி ஏழுகூட ஆகவில்லை. கரகரப்பு இல்லை, எதிரொலி இல்லை. பழைய ஃபர்ம்வேரையே திரும்ப ஏற்ற வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.