கூட்டம் மண்டபத்திலா, போனிலா, மச்சான்?

என் உயிர் மச்சான் ஜபருல்லாவுக்கு, நீ உறங்கும் மண்ணறை வெளிச்சமாக இருக்கட்டும்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால் நின்று நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தை மண்டபத்தில் வைப்பதா, போனில் வைப்பதா, இரண்டையும் சேர்த்து வைப்பதா? உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. இப்போது என் தலையில் விழுந்திருக்கிற செயலாளர் வேலையை இத்தனை காலம் நீ பார்த்தாயே, உனக்கு ஒருநாளாவது இப்படித் தடுமாற்றம் வந்ததா?

உனக்கெங்கே வரும்! "மூஞ்சியப் பாக்காம என்னடா கூட்டம்? வர்றவன் வரட்டும்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவாய். கொரோனாக் காலத்தில் போன் கூட்டத்துக்கு நீ சம்மதித்ததே வேண்டா வெறுப்பாகத்தான். ஆனால் அன்றைக்குத் துபாய், குவைத், சவுதி தமாம் என்று எங்கெங்கோ கிடந்த நம் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஒத்துக்கொள்ளத்தான் உனக்கு மனசில்லை.

கடைசியில் உன் ஜனாஸா அடக்கத்தையே உன் மகன் போனில்தான் பார்த்தான், மச்சான். தமாமில் முதலாளி லீவு தரவில்லை. யாரோ பிடித்திருந்த போனிலிருந்து கபீர் "அத்தா, அத்தா" என்று கூப்பிட்டது மையவாடியில் உன் குழியைச் சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்டது. நீ இருந்திருந்தால் அப்போதும் "வர்றவன் வரட்டும்" என்றுதான் சொல்லியிருப்பாயா?

அதனால்தான் போன வருடக் கூட்டத்தை இரண்டு வகையிலும் வைத்தேன். பெரம்பலூரிலிருந்து பெரிய திரையை வாடகைக்கு எடுத்து மண்டபத்தில் கட்டினோம். நம் ஆட்கள்தான் ஒருவர் பேசும்போது இன்னொருவர் சும்மா இருக்க மாட்டார்களே, வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டிருக்கிறது. அவர்கள் பேசினால் இங்கே எதிரொலி. நம் சங்கத்துப் பெரியவர் யூசுப் பாய் மைக்கைப் பிடுங்கி, "யாருப்பா அது, கெணத்துக்குள்ளேருந்து பேசறது?" என்று கேட்க, மண்டபமே சிரித்தது. எப்படியோ கூட்டம் முடிந்தது. உனக்காக துஆ ஓதியபோது திரையில் கபீரும் கையேந்தி உட்கார்ந்திருந்தான்.

அப்புறம் சாப்பாடு வந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? ஒரு சகனைச் சுற்றி நாலு பேர். நாலாவது ஆள் வந்து உட்காரும்வரை மற்ற மூன்று பேரும் அந்தப் பெரிய தட்டில் கை வைக்கக் கூடாது. கைகழுவப் போனவனுக்குக்கூடக் காத்திருக்கிற ஊர் இது. ஆனால் திரையில் இருந்தவர்களை ஒருத்தரும் ஆளாகவே நினைக்கவில்லை. திரையை நிறுத்தவும் யாருக்கும் தோன்றவில்லை. பிஸ்மி சொல்லி எல்லாரும் நெய்ச்சோற்றில் கை வைத்துவிட்டோம். நாங்கள் தின்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொரு பையனாகப் போய்விட்டான். கடைசியாகப் போனவன் கபீர்.

பெண்கள் பக்கத்திலிருந்து என் தங்கச்சி, உன் பெண்டாட்டி ஜெய்புன், எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அவள் வாய்விட்டுக் குறை சொல்லும் ஆளா? அன்றைக்குச் சொன்னாள்: "எம்புள்ள மூஞ்சி செத்துப் போச்சுண்ணே. ஒருத்தராச்சும் திரும்பிப் பாத்தீங்களா?"

போன வாரம் கபீரைப் போனில் கூப்பிட்டு இந்த வருடக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "என்னைய வுட்டுருங்க மாமா. சங்கத்துலேருந்து பேர எடுத்துடுங்க. வேடிக்கை பாக்கவா நான் வரணும்?" என்றான். லீவு கிடைத்தாலும் ஊருக்கு வருவதாக இல்லை என்றும் சொன்னான். கூட்டம் கிடக்கட்டும். இந்தப் பையன் நம்மை விட்டே போய்விடுவானோ என்பதுதான் என் பயம்.

எனக்கு ஒன்று தோன்றியது. அவனவன் கட்டிலில் தனியாகப் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். தமாமில் இருக்கிற நம் பையன்கள் ஒரு ரூமில் கூடி அவர்களும் சகன் வைக்கட்டும், இங்கேயும் அங்கேயும் ஒரே நேரத்தில் பிஸ்மி சொல்வோம். சிக்கல் நேரத்தில்தான்: கூட்டம் வைப்பது வெள்ளிக்கிழமை, தமாம் கடிகாரமோ நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே ஜும்ஆ முடிந்து பசியெடுக்கிற நேரத்தில் அங்கே தொழுகையே தொடங்கியிருக்காது. அவர்கள் தொழுது வந்து உட்கார நமக்கு நாலு மணி ஆகிவிடும்.

யூசுப் பாய் குதித்தார். "நாலு மணி வரைக்கும் ஊரப் பட்டினி போடுவியா? நெய்ச்சோத்துக்கு ஊத்துற கறியாணம் ஆறி வெறச்சுப் போயிடும்டா!"

அவரைச் சொல்லி என்ன, நீயே என்ன சொல்வாய்? பாதி வாழ்நாளை சவுதியில் கழித்தவன் நீ. ஒரு பெருநாளில் ரூமில் தனியாகப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்துவிட்டு, தின்னாமல் அப்படியே மூடி வைத்துவிட்டதாக என்னிடம் சொன்னாயே. அப்படிப்பட்டவன் ஊருக்கு வந்ததும் ஏன் மச்சான் அவ்வளவு கறாராக மாறிப்போனாய்? உயிரோடு இருந்தபோது கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன்: இரண்டு இடத்திலும் கூட்டம், நாலு மணிக்குச் சாப்பாடு. ஊர் கேட்டால் சந்தோஷம். கேட்காவிட்டால் அவர்கள் சாப்பிட்டுப் போகட்டும். நான் மட்டும் ஒரு சகனின் முன்னால் உட்கார்ந்து, கபீர் திரையில் வரும்வரை கை வைக்கமாட்டேன். எனக்குச் சுகர் இருப்பதும் நான் பசி தாங்காதவன் என்பதும் உனக்குத் தெரியும். சிரிக்காதே.

இன்று மதியம் கபீரிடமும் இதைச் சொன்னேன். முதலில் என் சுகரைப் பற்றித்தான் கேட்டான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "மாத்திரையப் போட்டுக்கிட்டு உக்காருங்க மாமா. நான் தொழுதுட்டு ரூமுக்கு ஓடியாந்துடறேன்."

வருவான், மச்சான். அவன் வரும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன்.

உன் ஜெய்புனின் அண்ணன்,
உன் மச்சான் சாகுல்
லப்பைக்குடிக்காடு