வேகமாகச் சுற்றிய மோட்டார்

இன்று காலை கும்மிடிப்பூண்டியில் எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் கடையைத் தாண்டும்போது வார்னிஷ் நெடி மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். கூடவே எரிச்சலும் வந்தது. செத்தவன்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன்.

மின்சாரம் குறைவாக இழுக்கும் புது மோட்டாரைத்தான் நாம் இருவரும் விற்றோம். நான் பட்டறை பட்டறையாக ஏறி, மின்செலவு அட்டவணையைக் காட்டித் தொண்டை வறளப் பேசுவேன். "பழசே ஓடிக்கினுதான கீது சார், எரிஞ்சா பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். நீ ஒரு காகிதம்கூட எடுத்துப் போக மாட்டாய். முதலாளியின் கையைப் பிடித்து, ஓடுகிற பழைய மோட்டார்மேல் வைப்பாய். அவர் வெடுக்கென்று இழுத்துக்கொள்வார்.

"இந்தச் சூட்டுக்கும் சேத்துத்தான் மொதலாளி கரண்டு பில்லு கட்டிக்கினு கீறீங்க."

அவ்வளவுதான், ஆர்டர் உனக்கு. எனக்கு வயிறு எரியும். ஒருமுறை நானும் ஒருவர் கையைப் பிடித்தேன். "இன்னா சார், கைய வுடு" என்றார்.

பிறகு ஒரு இரும்பு வார்ப்புப் பட்டறையில், உலைக்குக் காற்றூதும் புளோயருக்குப் புது மோட்டார் மாட்டினாய். கரண்ட் குறையவில்லை, கூடிவிட்டது. முதலாளி ஆட்கள் முன்னால் உன்னைத் திட்டினார். நேராக என்னிடம் வந்தாய்.

"நான் இன்னாபா தப்பு பண்ணேன்? நீ படிச்சவன், சொல்லு."

எனக்குத் தெரியும். புது மோட்டார் பழசைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். மோட்டார் பக்கம் பெல்ட் ஓடும் புல்லியைச் சின்னதாக மாற்றாவிட்டால் புளோயர் தேவைக்குமேல் காற்றடிக்கும், கரண்ட்டை இழுக்கும். அரைநாள் வேலை. சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"மோட்டாரே சரியில்லபா" என்றேன். நீ நம்பினாய். கழற்றி எடுத்துக்கொண்டு வந்தாய். அதன்பிறகு யார் கையையும் நீ பிடித்து நான் பார்க்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்தாய்.

போன வாரம் அதே பட்டறைக்குப் போனேன். அதே மாதிரி மோட்டார்தான், புல்லியையும் மாற்றிக் கொடுத்தேன். மீட்டரைப் பார்த்துவிட்டு முதலாளி என் தோளைத் தட்டினார்.

"உன் கூட்டாளிக்கு இது தெரியாமப் பூட்ச்சே. நீதாம்பா வெவரமான ஆளு."

அவன் கேட்டான், நான்தான் சொல்லவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பேச்சைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வாரம் ஆகிறது, அந்தச் சந்தோஷம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.