ஃபீகாவும் டுகாவும்

மார்கழி 10, ஞாயிறு இரவு

தம்பியும் அவன் மகள் கவிதாவும் அவளுடைய ஸ்வீடன்காரக் கணவனும் நேற்று வந்தார்கள். இன்று மாலை மாப்பிள்ளை என்னை "ஃபீகா" என்று சொல்லிக் காப்பிக்குக் கூப்பிட்டான். உட்கார்ந்து பேசிக் காப்பி குடிப்பதற்கு அவர்கள் மொழியில் அதுதான் வினைச்சொல்லாம். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"அங்க முன்னெல்லாம் காப்பியக் கஃபீன்னு சொல்லுவாங்களாமுங்க பெரியப்பா. அடுத்தவங்களுக்குப் புரியக் கூடாதுன்னு திருப்பிப் போட்டுட்டாங்க" என்றாள் கவிதா.

"நாமளும் சின்னதுல அப்படிப் பேசுவோமுங்களேண்ணா" என்று தம்பி சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அப்பாவிடம் சேலத்து வீட்டை எழுதி வாங்கிய வாரம் முழுக்க அப்படித்தான் சிரித்தான்.

கவிதா மறுபடி ஊற்ற வந்தபோது தம்பி தம்ளரைக் கையால் மூடிக்கொண்டு, "டுகா, கண்ணு. இப்ப வேண்டாம்" என்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டுகாவைத் திருப்பிப் போட்டால் காடு. இங்கே மலைமேல் வாழவந்தியில் இன்னும் பிரிக்காமல் எங்கள் இருவர் பேரிலும் கிடக்கும் காப்பிக் காடு. என் கையெழுத்து இல்லாமல் அதை விற்க முடியாது. அதற்குத்தான் மாப்பிள்ளையோடு மலை ஏறி வந்திருக்கிறார்கள்.

சாப்பிடும்போது, டுகா என்றால் என்ன என்று மாப்பிள்ளையிடமே கேட்டேன். அதுவும் அவர்கள் வினைச்சொல்தானாம். இதுவே நன்றாக இருக்கிறது, போதும் என்று பொருளாம்.

"நான்தானுங்க அப்பாவுக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்று கவிதா முந்திக்கொண்டு சொன்னாள்.

இருக்கலாம். போனில் தேடிப் பார்த்த அகராதியிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆனால் இத்தனை வருடத்தில் என் தம்பி ஒரு தம்ளர் காப்பியோடு போதும் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.